கப்பல் வெங்காயம்

வெங்காயம் நடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று என் புகுந்த வீட்டில் ஒரு நினைப்பு இருந்தது. எழுபதுகளில் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் கொடிகட்டிப் பறந்த காலம். மாமா, அதுதான் என்னவரின் தகப்பன், ஒரு கிழங்கைக் கையில் எடுத்தால் அதற்குச் சாதகமே சொல்லிவிடுவார். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் நெல்லியடிப் பக்கம். ஐயா சந்தையடியில் சீலைக்கடை வைத்திருந்தார், தோட்டம் துரவு கிடையாது. அண்ணைக்குப் படிப்பு ஏறவில்லை, கப்பலுக்குப் போய்விட்டார். எனக்குக் கலியாணமான பிறகு ஒருமுறை லீவில் வந்தவர், ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றில் யாரோ கொடுத்ததென்று, காலுறைக்குள் சுற்றிய ஒரு கிழங்கை என் கையில் வைத்தார். ஊறுகாய்த் தேசிக்காய் அளவு, வழுவழுவென்று இளம்பச்சை.

"பிள்ளை, இதை மண்ணுக்கை தாட்டுப் போடாதை. வேர் மட்டும் மண்ணிலை, உடம்பு வெளியிலை இருக்கவேணும். தண்ணியும் அள்ளி ஊத்தாதை. பேசாமல் விட்டால் தன்ரை பாட்டிலை வளரும்."

பெயர் அவருக்கும் தெரியாது. கப்பல் வெங்காயம் என்று நானே வைத்தேன். வாய் உடைந்த சட்டியில் மணல் போட்டு, கிணற்றடி ஈரம் படாத இடத்தில் இருத்தினேன். விளாம்பழம் அளவுக்குப் பருத்தது. நீட்டு நீட்டு இலைகள் சட்டிக்கு வெளியே தொங்கின. கிழங்கின் விலாவில், தோலுக்கு அடியில், கடலை அளவில் குட்டிகள் புடைத்துக்கொண்டு வரும். பிறகு தோல் வெடித்து எட்டிப் பார்க்கும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மாமா தோட்டத்தால் வரும்போதெல்லாம் சட்டியடியில் ஒருமுறை நிற்பார்.

"உது ஏன் பிள்ளை வெளியிலை கிடந்து காயுது? கழுத்துமட்டும் தாட்டு, எருப் போட்டுத் தண்ணி விடன்."

"உது அப்பிடித்தான் மாமா வளரும். அண்ணை சொன்னவர்."

"கப்பல்காரனுக்கு வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும்!"

சிரித்துவிட்டுப் போவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பிறகு தந்தி வந்தது. புயலில் அண்ணையைக் கடல் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. ஐயர் தர்ப்பையால் ஒரு உருவம் செய்தார். அதை வைத்து எரித்தோம். அம்மா அந்தப் புல்லைக் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அம்மா வீட்டில்தான் இருந்தேன்.

திரும்பி வந்தபோது சட்டி வெறுமையாகக் கிடந்தது.

"நீ இல்லாத நேரம் நான் ஒழுங்காக்கி விட்டனான் பிள்ளை, வந்து பார்" என்று மாமா தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. விதை வெங்காயத்துக்குச் செய்வதுபோல, காய்ந்த தோலையும் பக்கத்தில் இருந்த குட்டிகளையும் நுள்ளி எருக்குவியலில் எறிந்துவிட்டு, வெங்காயப் பாத்தியில் கழுத்துவரை புதைத்து, மற்றவற்றோடு சேர்த்துத் தண்ணீர் இறைத்திருந்தார். இலை மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. நான் பிடித்து இழுத்தேன். இலை மட்டும் கையோடு வந்தது. கீழே கிழங்கு கூழாகி நாறியது.

"ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்? இது உங்கடை வெங்காயமோ?" என்று கத்தினேன். அடுத்த தோட்டத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

"நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான்" என்றார்.

நல்லதுக்கு! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் அண்ணன் சொல்லிவிட்டுப் போன ஒரேயொரு விஷயத்தைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, நல்லதாம். என்னவரும் அவ்வளவு நாளும் அந்தப் பாத்திக்கு வாய்க்கால் திறந்து தண்ணீர் மாறியவர்தான். ஒரு சொல் தடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் வாய் வந்தது: "என்ரை ஐயாவோடை உப்பிடியே கதைக்கிறது?" அதற்குப் பிறகு நான் இருவரோடும் கதைக்கவில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான்.

மாரி மழை தொடங்கி ஓய்ந்த ஒரு காலையில், மாமா வெங்காயத் தோலும் சருகுமாகக் கிடந்த எருக்குவியலில் இருந்து ஓடி வந்தார். ஒரு கையில் மண்வெட்டி. மற்றக் கையில் ஒரு சின்னப் பச்சைக் குமிழ், உச்சியில் நூல்போல ஒரு இலை. அவர் நுள்ளி எறிந்த குட்டிகளில் ஒன்று சருகின்மேல் கிடந்து, ஒருவர் கையும் படாமல், தானாகவே பிழைத்திருந்தது.

"பிள்ளை, உன்ரை கப்பல் வெங்காயம்! என்னட்டை விடு, இதையாவது நான் வடிவாய்த் தாட்டு விடுறன்."

அதை அவர் கையில் இருந்து பறித்தேன்.

"என்ரை அண்ணையை மண்ணிலை தாட்டுவிடவும் கிடைக்கேல்லை, எரிக்கவும் கிடைக்கேல்லை. புல்லைத்தான் எரிச்சனாங்கள். இதை நீங்கள் தாட்டுப் போடவேண்டாம் மாமா. இது வெளியிலை இருக்கட்டும்."

மாமா மண்வெட்டியைச் சுவரோடு சாத்திவிட்டு, அந்த வாய் உடைந்த சட்டி எங்கே என்று மாமியிடம் கேட்டார்.