குறை எழுதிய நோட்டு

என் அக்காமேல் எனக்கு வயிற்றெரிச்சல். இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து அடைத்துக்கொண்டால், முதுகும் தொடையும் வலியில் துடிக்கும். அவள் முனகினால் போதும், அம்மா விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால், "மாத்திரை அலமாரியில இருக்கும் பாரு" என்பாள். அவ்வளவுதான் என் பங்கு.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் விட்ட சட்டையைத் தனியே எடுத்துவைத்து, தேதி, நேரம், இடம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். குறையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

முப்பது வயதில் அக்காவின் புலம்பல் கூடியது. விரல் வலி, அசதி. "பழைய வியாதிதான்" என்றார்கள் மருத்துவமனையில். அம்மாவும் தலையாட்டினாள். எனக்கென்னவோ நடிக்கிறாள் என்றே பட்டது. குளிரில் வரும் வலி, இப்போது வெயிலில் போய் வந்தாலும் வருகிறதாம்! அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க, தனி நோட்டு போட்டு நாலு மாதம் எழுதினேன். காலையில் விரல் மூட்டு வீக்கம், மதியம் இல்லை. மாடியில் துணி உலர்த்திய மறுநாள் மூக்கின் இருபக்கமும் கன்னம் சிவப்பு. எதையாவது பூசிக்கொண்டாளா? வாயில் புண். சீப்பில் கொத்தாக முடி.

அடுத்த முறை நானும் கூடப் போய், நோட்டை டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். "பாருங்க டாக்டர், எதுவுமே அந்த வியாதியோட பொருந்தல."

இரண்டு முறை படித்தார். "ஆமா, பொருந்தல. கூடவே வேற ஏதோ இருக்கு."

ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். லூபஸ். கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குமாம். சிறுநீரகம்வரை போயிருந்தது. டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார்:

"ஸ்டீராய்டு கொஞ்சமாத்தான் தருவேன். நீங்களா திடீர்னு நிறுத்தினா சிக்கிள் வலி கிளம்பிடும். இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னியே கெட்டிருக்கலாம். தங்கச்சிக்கு உங்க மேல எவ்ளோ பாசம்!"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா என் தலையைத் தடவினாள். இத்தனை வருடம் ஏங்கியது கிடைத்தது. சகிக்கவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் அக்கா மெல்லக் கேட்டாள்:

"நான் பொய் சொல்றேன்னு காட்டத்தானேடி எழுதினே?"

வீங்கிய விரலால் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நிறுத்திடாதே. அம்மா நான் சொன்னா அப்படியே நம்பிடுவா. நம்பாம உத்துப் பார்க்க எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே."