வெளுத்துப்போன நாற்பது குதிரைகள்

ப்ளஸ் ஒன் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன். கைப்பையில் போன் மூன்று முறை அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. வராந்தாவுக்கு வந்து எடுத்தால், எங்கள் ஞாயிறு ஆட்டக் கூட்டாளி பாலாஜி.

"டீச்சர், தேவா சார் இறந்துட்டாரு. காலையில வேலைக்குக் கிளம்பி, ஷூ போட உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'அப்படியானால் என் மேல் கோபமாகவேதான் போனாரா?' என்பதுதான் முதலில் தோன்றியது. ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், நான் என்னைப் பற்றி யோசிக்கிறேன். வகுப்புக்குத் திரும்பிப் பாதியில் விட்ட சமன்பாட்டை முடித்தேன். தப்பாக முடித்திருந்ததை மறுநாள் மாணவிகள் சொல்லித்தான் தெரிந்தது.

தேவசகாயம் என்ற தேவா சாரை உங்களில் பலர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகராகத்தான் அறிந்திருப்பீர்கள். ஒரு சின்ன எஞ்சினியரிங் கம்பெனியில், இயந்திரப் பாகங்களை அளந்து பார்த்து 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று சொல்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை வாங்கி, ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் மீசை, வாள், குதிரைச் சேணம் வரை வண்ணம் தீட்டி, மேஜைமேல் படையாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆட்டம் ஆடுவார். எதிர்ப்படை என்னுடையது. பதினொரு வருடம், சிட்லபாக்கத்தில் என் வீட்டு மாடி அறையில், பழைய டேபிள் டென்னிஸ் மேஜையின்மேல் நாங்கள் சண்டை போட்டோம். பாலாஜி பாதி நாள் நடுவர், பாதி நாள் தின்பண்டம் வாங்கி வருபவர்.

நாங்கள் அறிமுகமானது தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில். இருந்தது ஒரே ஒரு மெல்லிய பிரஷ். நானும் கை நீட்டினேன், அவரும் நீட்டினார். பண்புள்ள மனிதர், விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பிரஷ் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு முடி வெளியில நிக்குது டீச்சர். ரிஜெக்ட். நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கை பூரா சாக்பீஸு." அந்தப் பிரஷ்ஷை வாங்கிவந்து வண்ணம் தீட்டினால், அந்த இரண்டு முடிதான் என் வீரர்களின் கன்னமெல்லாம் கோடு இழுத்தது.

விளையாட்டிலும் அவர் பரிசோதகர்தான். மற்றவர்கள் டேப்பால் அளப்பார்கள். இவர் கம்பெனி பழக்கத்தில், மயிரிழை அளவையும் காட்டும் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவருவார். "உங்க குதிரை அரை மில்லி கம்மியா நிக்குது டீச்சர், என்னைத் தொட முடியாது." அரை மில்லி! நான் கத்துவேன். அவர் சிரிக்கவும் மாட்டார், விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அதே அரை மில்லியில் தன் குதிரை குறைந்தாலும் அதே குரலில் சொல்லிப் பின்வாங்குவார் என்பதால், நான் கத்துவதற்கும் நியாயம் இருக்காது.

ஒருமுறை பாலாஜியின் முழங்கை பட்டு அவருடைய காலாட்படை ஒரு வரிசை தரையில் விழுந்தது. ஈட்டிகள் உடைந்தன. பாலாஜி பத்து முறை சாரி சொல்லியிருப்பான். தேவா சார் உடைந்ததைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மேஜையில சாரி கெடையாதுப்பா. சாரி சொன்னா ஈட்டி ஒட்டிக்குமா? பசை எங்க, அதை எடு." அன்று முதல் அது எங்கள் அறையின் சட்டம். யார் வாயிலாவது 'சா' என்று வந்தாலே அவர் கையைத் தூக்குவார், சொல்பவர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த நாற்பது குதிரை வீரர்களைச் செய்ய அவருக்கு இரண்டு வருடம் ஆனது. அவர்களின் அங்கி கடுகு மஞ்சள், ஓரம் அரக்கு. அது அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் நிச்சயதார்த்தப் புடவையின் நிறம். புடவையை ஜன்னலோரம் நாற்காலியில் விரித்துப் போட்டு, வெயில் படப் பார்த்துப் பார்த்து வண்ணம் கலந்திருக்கிறார். அக்கா பார்த்துவிட்டு, "பெயின்ட்டு பக்கத்துல எம் புடவையா? உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று சத்தம் போட்டாராம். படை முடிந்த பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி 'என் படை' என்று சொன்னதும் அதே அக்காதான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

வண்ணம் உதிராமல் இருக்க இந்தப் பொம்மைகள்மேல் கடைசியாக வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்போம். காற்றில் ஈரம் இருந்தால் அடிக்கக் கூடாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு எல்லாம் வெளுத்துவிடும். இதை என்னால் உங்களுக்கு விளக்க முடியும், ஏனென்றால் நான் வேதியியல் டீச்சர். அந்த ஞாயிறு தூறிக்கொண்டிருந்தது. நாற்பதையும் மொட்டை மாடியில், கொட்டகைக்குக் கீழே ஒரு பலகையில் நிறுத்தியிருந்தோம். "மழை முழுசா நிக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பாலாஜியோடு பஜ்ஜி வாங்கப் போனார். அவர் போன ஐந்தாவது நிமிடம் வெயில் எட்டிப் பார்த்தது. எனக்கு எதிலும் அவசரம். அவர் வருவதற்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அடித்தேன்.

அவர் மாடி ஏறி வரும்போது நாற்பது பேரும் மைதா மாவில் புரண்ட மாதிரி நின்றிருந்தார்கள். மஞ்சளும் இல்லை, அரக்கும் இல்லை. அவர் ஒன்றை எடுத்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், வைத்தார். நான் "சா..." என்றேன். அவர் கை எழுந்தது. நான் நிறுத்திக்கொண்டேன். "பரவால்ல டீச்சர்" என்றார். பெட்டியில் அடுக்கினார், கிளம்பினார். பஜ்ஜியைத் தொடவில்லை. பஜ்ஜியைத் தொடாமல் போன தேவா சாரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதன்பின் மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வரிச் செய்தி: 'இந்த வாரம் வர முடியாது.' முதல் வாரம் எனக்குக் குற்ற உணர்ச்சி. இரண்டாம் வாரம் பயம். மூன்றாம் வாரம் எனக்கே கோபம் வந்துவிட்டது. பொம்மைக்காகவா பதினொரு வருடச் சிநேகிதம்? திட்டினால் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? 'நேரில் வந்து பேசலாமா சார்' என்று டைப் செய்து அழித்தேன். அவரே பேசட்டும் என்று இருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பாலாஜியின் போன் வந்தது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பொழிச்சலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழப் போனது. இரைச்சல் அடங்கியதும் அக்கா சொன்னார்:

"நல்லவேளை டீச்சர், கடைசி வரைக்கும் ஞாயித்துக்கெழமை உங்க வீட்டுக்கு வந்துட்டுதான் இருந்தாரு. அதுல அவருக்கு ஒரு குறையும் இல்ல. அந்தக் கடைசி ஞாயிறுகூட 'இன்னிக்கு டீச்சரை ஒரு வழி பண்ணிட்டேன்'னு சிரிச்சிக்கிட்டே வந்தாரு."

என் வீட்டுக்கா? என் வீட்டுப் படியை அவர் கடைசி மூன்று வாரமும் மிதிக்கவே இல்லையே. "ஆமா அக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்னிடம் வர முடியாது என்றவர், அக்காவிடம் என் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு எங்கே போனார்?

மறுவாரம், அவருடைய பொருள்களை எடுத்துப் போகச் சொல்லிக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அக்காவால் முடியவில்லை. நானும் பாலாஜியும் திருமுடிவாக்கம் போனோம். அங்கே வாட்ச்மேன் முருகேசன், பூட்டியிருந்த ஒரு அறையைத் திறந்துவிட்டார். அளவுக் கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்க, ராத்திரி பகல் ஏசி ஓடும் அறை. சொட்டு ஈரம் இல்லாத காற்று. மேஜைமேல் அந்தக் குதிரை வீரர்களின் பெட்டி இருந்தது.

"கடேசி மூணு வாரமா ஞாயித்துக்கெயமை ஆனா டாண்ணு வந்துருவாரு மேடம்," என்றார் முருகேசன். "இங்க ஒக்காந்துகினு, காது கொடையுற குச்சில எண்ணெயத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பொம்மையா தொடச்சிகினு இருப்பாரு. அப்பால மேல இன்னாவோ பூசுவாரு. டீ குட்த்தாக்கூட நிமிர மாட்டாரு."

வெளுத்த வார்னிஷ் எண்ணெய் பட்டால் தெளிந்துவிடும். பெட்டியைத் திறந்தேன். முப்பத்தொரு வீரர்கள் பளிச்சென்று கடுகு மஞ்சளில். எட்டுப் பேர் இன்னும் வெள்ளை. ஒருவன் மட்டும் பாதி: வலப்பக்கம் துடைத்து மஞ்சள் வந்திருந்தது, இடப்பக்கம் நான் அடித்த வெள்ளை அப்படியே இருந்தது. முருகேசனிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணே, அவர் கோவமா இருந்தாரா?"

"கோவமா? ஏதோ பாட்டை மொணமொணத்துகினுதான் இருப்பாரு. ஒருவாட்டி மட்டும் பொம்மையத் தூக்கிப் பாத்துட்டு, 'இந்த டீச்சர் கீறாங்களே...'ன்னாரு. அவ்ளோதான்."

"எப்படிச் சொன்னாரு? சிரிச்சிட்டா, கடுப்பாவா?"

"எப்படின்னா... சொன்னாரு மேடம்."

அந்த அரை வாக்கியத்தை நான் ஆயிரம் விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில், சமையலறையில், ஆய்வகத்தில். சில நாள் அது திட்டாகக் கேட்கிறது. சில நாள் சொந்தக்காரர் அலுத்துக்கொள்வது போலக் கேட்கிறது. கோபம் இல்லையென்றால் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கோபம் இருந்தால் மனைவியிடம் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? எதுவும் நடக்காத மாதிரி நாற்பதையும் கொண்டுவந்து மேஜையில் நிறுத்தத்தான் இருந்தார் என்று பாலாஜி அடித்துச் சொல்கிறான். அவன் சொல்வதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பஜ்ஜி ஞாபகம் வருகிறது.

பெட்டியை அக்காவிடம் கொண்டுபோய் வைத்து, உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும், நான் சொன்ன பொய் உட்பட. அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு வெடித்தார். "எம் புடவை கலரு டீச்சர்! ரெண்டு வருஷம் ஒக்காந்து செஞ்சாரு! கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திட்டட்டும், யாராவது திட்டட்டும் என்றுதான் இருந்தது. அக்கா அழுது ஓய்ந்து, முகம் கழுவி, காபி போட்டுக் கொடுத்தார். வெள்ளை எட்டையும் ஒரு டப்பாவில் போட்டு, "இதைத் தொடச்சுக் குடுங்க" என்றார். பாதி வெளுத்தவனைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எனக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க" என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அது தண்டனையா, பரிசா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எட்டையும் துடைத்து, நல்ல வெயில் நாளாகப் பார்த்து வார்னிஷ் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒருவனை மட்டும் துடைக்கவில்லை. அவர் கை எங்கே நின்றதோ அந்தக் கோட்டோடு, நான் விடைத்தாள் திருத்தும் மேஜைக்கு எதிரே, ஜன்னல் விளிம்பில் நிற்கிறான். ஒரு நாள் மஞ்சள் பக்கம் என்னைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். மறுநாள் வெள்ளைப் பக்கம். தேவா சாரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பாதிக் குதிரைக்காரன், ஒரு அரை வாக்கியம், இரண்டு முடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிரஷ்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் கையைத் தூக்கியதால் நான் பாதியில் விழுங்கிய ஒரு சொல். இது மேஜை இல்லை, வெறும் காகிதம். இங்கே கையைத் தூக்க அவர் இல்லை.

சாரி, தேவா சார்.