ஜெராக்ஸ் அக்காவின் இடது தோள்

குழாய்க்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள் ஜெராக்ஸ் அக்கா. திரையில் ஓர் இடதுகைக்காரி யாரையோ குத்திக்கொண்டிருந்தாள். அக்காவின் நுரை படிந்த கையும் கூடவே குத்தியது. "இருக்கிறதே ரெண்டு டம்ளர். அதையும் நாக் அவுட் பண்ணிடாதே, தாயே" என்றார் கணவர்.

குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்கு உத்தியோகமே அடி வாங்குவதுதான். சாம்பியன் பெண் அடுத்து யாரோடு மோதப்போகிறாளோ, அவளாகவே அக்கா மாறிவிட வேண்டும்; நிற்கிற நிலை, நகர்கிற கால், மூச்சு விடுகிற தினுசு வரைக்கும். ஜெராக்ஸ் என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான். இந்தத் தடவை சாம்பியனோடு மோத வந்தவள் அந்த இடதுகைக்காரி. இடது குத்து கிளம்புமுன் அவளுடைய இடது தோள் ஒரு நூலளவு மேலே ஏறும். கண்டுபிடித்தது அக்காதான். தோள் ஏறிய கணமே சாம்பியனின் வலது கை நேராகப் பாயவேண்டும். யோசிக்காமல் அது பாய வேண்டுமென்றால், யாராவது தோளைத் தூக்கித் தூக்கி முகத்தைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? கொடுத்தாள் மகராசி. இரண்டு மாதமாகக் கஞ்சிதான் ஆகாரம். யாராவது கேட்டால் பல்வலி என்பாள்.

"இனிமே என்னால முடியாதுடி" என்று சாம்பியனிடம் சொல்லியிருந்தாள். "இதுல நீ ஜெயிச்சாத்தான் நான் வாங்கினதுக்கெல்லாம் ஒரு அர்த்தம்."

சண்டை அன்று பார்த்தால், தோள் ஏறவே இல்லை! எந்தப் புண்ணியவானோ திருத்திவிட்டிருந்தான். ஏறாத தோளுக்காகக் காத்துக் காத்தே பத்துச் சுற்றில் ஐந்தைக் கோட்டைவிட்டாள் சாம்பியன். பின்வரிசையிலிருந்த அக்கா சுற்று இடைவேளையில் மேடையோரத்துக்கு ஓடினாள். எட்டிப் பயிற்சியாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தோளை மறக்கச் சொல்லுங்க மாஸ்டர். வயித்துலயே அடிக்கட்டும். களைச்சுப்போனா தானா ஏறும். தொட்டில் பழக்கம் எங்கே போயிடும்?"

வயிற்றிலும் விலாவிலும் மாறி மாறி விழுந்தது. இருக்கைக்குத் திரும்பிவிட்ட அக்கா ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் சுற்றில் இடதுகைக்காரியின் வாய் பிளந்தது, கால் தரையை உரசியது. பாவம், தோள் ஏறியது. சாம்பியனின் வலது கை பாய்ந்தது. இடதுகைக்காரி மல்லாந்து விழுந்தாள்.

அரங்கமே எழுந்து கத்தியது. நடுவர் எண்ணத் தொடங்கினார். "ஜெயிச்சாச்சு! எழுந்து பாரு!" என்று கணவர் உலுக்கினார்.

அக்கா எழவில்லை. முன்னிருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, விழுந்துகிடந்தவளையே பார்த்து, "எந்திரிடி... எந்திரிச்சிடுடி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.