கேட்கவில்லை என்று சொன்னேன்

நான் தனியாளாக மேடையேறித் தாள வாத்தியம் வாசிக்கிறவன். அப்படிச் சொன்னால் உடனே "உறுமி மேளமா?" என்பார்கள். இல்லை. "கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா?" அதுவும் இல்லை. இந்தக் காலத்தில் எழுதப்படுகிற மேற்கத்திய சாஸ்திரிய இசை, பாட்டு கிடையாது, பக்கத்தில் வேறு ஆளும் கிடையாது, ஒருத்தனே பத்துப் பன்னிரண்டு சாமான்களைச் சுற்றி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தட்டுவது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்திருப்பார். இப்போதெல்லாம் "ஆமா, மேளந்தான்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

ஈப்போவில் வரிசை வீடுகளில் ஒன்று என்னுடையது. ஹாலில் சோபா கிடையாது. மரக்கட்டைகள், இரும்புத் தகடுகள், மண் பூச்சட்டிகள், தோல் கட்டிய முழவுகள் மூன்று. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் மரம் வெட்டி, தோட்டம் கைமாறியதும் இங்கே வந்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளுக்கு லூமுட்டில் ஹோட்டல் வேலை.

நான் குடிவந்த புதிதில் வேலியோரம் நின்று கேட்டார். "என்ன தம்பி, வந்து ரெண்டு மாசமாச்சி, இன்னுமா சாமான் அடுக்கி முடியல?"

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "சரி லா, உங்க வேல உங்களுக்கு. நான் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுப்பேன். மூனு தட்டு தட்டுனா நிறுத்திருங்க. எந்திரிச்சதும் ரெண்டு தட்டுறேன், அப்பறம் உங்க இஷ்டம்."

அது லயத்து வழக்கம். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைதான், பாதிப் பேச்சு தட்டிலேயே முடிந்துவிடும். நானும் சிலிம் ரிவர் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறுத்தாமல் தட்டினால் என்ன அர்த்தம் என்றுகூடத் தெரியும். போட்டதைப் போட்டபடி ஓடி வா என்று அர்த்தம்.

மூன்று வருஷம் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் போயிற்று. கரண்டிக் காம்பால் தட்டுவார், நான் குச்சிகளைக் கீழே வைப்பேன்.

அன்றைக்குக் கச்சேரிக்கு இரண்டு நாள் இருந்தது. புது உருப்படி. கடைசிப் பக்கத்தில் வலது கை ஐந்தாகவும் இடது கை நான்காகவும் ஒரே நேரத்தில் போக வேண்டும், அதுவும் மெல்ல. காலையிலிருந்து வரவில்லை. போனை அணைத்துவிட்டேன், சாப்பிடவில்லை. எனக்குச் சும்மாவே கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மணி நான்கிருக்கும், சுவரில் தட்டு விழுந்தது. மூன்றோடு நிற்கும் என்று பார்த்தேன். நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிட்டா என்ன கெட்டுப்போச்சி" என்று முணுமுணுத்தபடி கனமான குச்சிகளை எடுத்துத் தோல் முழவுகளில் இறங்கினேன். அந்தத் தட்டு கேட்காதபடி அடித்தேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அது கரண்டிச் சத்தம் இல்லை. கரண்டி சுவரில் பட்டால் சின்னதாக ஒரு கூர்மை இருக்கும். இது கை. மேலே இருந்தும் வரவில்லை, தரையோரத்திலிருந்து வந்தது. இடைவெளி சீராக இல்லை, போகப் போகப் பலம் குறைந்தது. இந்த வித்தியாசங்களைக் கேட்டுத்தான் நான் சோறு தின்கிறேன். எல்லாம் கேட்டது. கேட்டும், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் தட்டு நின்றது. ஜெயித்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைசிப் பக்கம் சரியாக வந்தது. வந்ததே என்று இன்னும் நான்கு தடவை வாசித்தேன்.

ஆறு மணிக்குப் போனைத் திறந்ததும் அக்காவின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, அம்மா போன எடுக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் எட்டிப் பாருங்க மாமா."

பின்கதவு திறந்திருந்தது. அடுப்படித் தரை ஈரம். என் சுவரை ஒட்டி அக்கா கிடந்தார், இடுப்பை அசைக்க முடியவில்லை. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து வீங்கியிருந்தது. "வந்துட்டீங்களா தம்பி. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

லூமுட்டிலிருந்து மகள் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். "அம்மா சுவத்துல தட்டிக்கிட்டே இருந்துச்சாம். உங்களுக்குக் கேக்கலையா மாமா?"

"இல்லம்மா, கேக்கல. என் சத்தத்துல எங்க கேக்கும்?"

"எனக்குத் தெரியும் மாமா. கேட்டிருந்தா வராம இருப்பீங்களா" என்று அழுதாள். நானும் அவளோடு தலையை ஆட்டினேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

கச்சேரியை நான் நிறுத்தவில்லை. வாசித்தேன். முடிந்ததும் ஒருவர் வந்து கையைக் குலுக்கி, உங்களுக்கு என்ன நுட்பமான காது என்றார். சிரித்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வார்டுக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்திருந்தது, வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு லூமுட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, காரை நிறுத்திய இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க தட்டுனப்ப..." என்று ஆரம்பித்தேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "அத விடுங்க தம்பி. அந்தச் சத்தத்துல கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வாசிச்சிக்கிட்டு இருந்ததுதான் எனக்குத் தைரியம். பக்கத்துல ஆள் இருக்குன்னு கெடந்தேன். கூப்பாடு போடலாம்னுதான் பாத்தேன். அப்பறம், கச்சேரிக்கு ரெண்டே நாள்தான் இருக்குன்னு சொன்னீங்களே, அது ஞாபகம் வந்துச்சி. சரி, தம்பி முடிச்சிட்டு வரட்டும்னு நானே கைய எடுத்துட்டேன்."

சேர்த்து வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டு, மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

"கச்சேரி நல்லா நடந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா நடந்துச்சிக்கா" என்றேன். அந்த ஒன்றைத்தான் என்னால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.