அக்காவின் முகத்துக்குக் காவல்

அந்த வருடம் எங்கள் வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஒருவரும் காலைத் தேநீர் குடித்ததில்லை. அவள் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வருவாள். அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வரும் அம்மா ஒரு தடவை பார்ப்பார். முற்றத்தில் கதிரை போட்டு இருக்கும் மாமி அவளைக் கூப்பிட்டு, நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை பார்ப்பார். "நேற்று இதில இல்லையே" என்பார். நெற்றியிலோ கன்னத்திலோ புதிதாக ஒரு பரு சிவந்திருக்கும்.

மாமி அப்பாவின் மூத்த சகோதரி. அப்பாவுக்கு வட்டக்கச்சியில் வயற்காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு, வருடத்துக்கு ஒரு முறையாவது எங்களைப் பார்க்க வருவார். அந்தமுறை ஒரு கலியாணப் பேச்சோடு வந்திருந்தார். மாப்பிள்ளை வெளிநாட்டில். பெண்ணின் நல்ல படம் ஒன்றை அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் தன் பொறுப்பு என்றார்.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. ஏ.எல். பரீட்சை எழுதி, ஆசிரியையாகப் படிப்பிக்கப் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

"சோதினை முடியட்டும் மாமி" என்றாள்.

மாமி கோபிக்கவில்லை. "நாடு கிடக்கிற கிடையில சோதினை நடக்குமோ எண்டே ஆருக்கும் தெரியாது பிள்ளை. குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு உன்ரை கொம்மா நித்திரை கொள்ளுறாவோ எண்டு கேள்" என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தாயை இழந்த தன்னை இடுப்பில் வைத்து வளர்த்த சகோதரியை அப்பா எதிர்த்துக் கதைத்து நான் கண்டதில்லை.

ஆக, படம் எடுக்கத் தடையாக மிஞ்சியது முகப்பரு மட்டும்தான். மாமி அதன்மேல் போர் தொடுத்தார். சவர்க்காரத்தை நிறுத்தி, பயற்றம் மாவால் கழுவச் சொன்னார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மா அம்மியில் அரைத்த வேப்பிலையும் மஞ்சளும். அது காய்ந்து உதிர்ந்த பிறகு, கல்லில் உரைத்த சங்கின் வெள்ளைக் குழம்பைப் பருக்களின்மேல் பொட்டுப் பொட்டாக வைப்பார். அக்காவுக்குத் தனித் துவாய், தனித் தலையணை உறை. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழியக் கூடாதென்று கூந்தலை இழுத்து உச்சியில் கட்டிவிட்டார். கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை, சாப்பிடவே கூடாது, அது சூடு, பருவை எழுப்பும் என்றார். நகம் முகத்தில் படக் கூடாது என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து வயதுக்காரியான என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வேலையும் தந்தார். "உவள் கள்ளி. முகத்தில கை வைச்சாலோ, வாயில கச்சான் போட்டாலோ எனக்கு வந்து சொல்லு."

என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் வேலை அது. அக்கா கிணற்றடிக்குப் போனால் நான் வாழைகளுக்குப் பின்னால் நின்றேன். அவள் படிக்க இருந்தால் நான் எதிரே படிப்பதுபோல் இருந்து அவளுடைய விரல்களைப் பார்த்தேன். இரண்டு மூன்று வாரத்தில் அவள் முகம் கொஞ்சம் ஆறி வந்தது. ஸ்டூடியோவுக்குப் போக மாமி ஒரு நல்ல நாள் பார்த்தார். அந்த நாள் நெருங்க, இரண்டு கன்னத்திலும் பருக்கள் கொத்தாக எழும்பின. பயணம் தள்ளிப்போனது. மறுபடி ஆறியது. மறுபடி நாள் பார்த்தார். மறுபடி எழும்பின.

வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். பக்கத்து வீட்டு மனிசியின் கண் பட்டுவிட்டது என்றார் அம்மா. அம்மா மஞ்சளில் கலப்படம் பார்த்து வாங்கவில்லை என்றார் மாமி. எல்லோரையும்விட உரத்துக் கதைத்தவர் அப்பா. "கச்சான் திண்டிருப்பாள்! பள்ளிக்கூட வாசலில வித்துக்கொண்டெல்லோ நிக்கிறாங்கள்" என்று வயலால் வந்த கால் கழுவாமலே சத்தம் போட்டார். நான் அக்காவின் புத்தகப் பையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆனால் மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் கச்சான் கோதுகள் கிடந்தன. வைக்கோலால் மூடியிருந்தாலும், கோழி கிளறி வெளியே எடுத்துவிட்டிருந்தது. அன்றே நான் அங்கே வைக்கோற்போருக்குள் ஒளிந்திருந்தேன். வைக்கோல் சுணை பட்டு உடம்பெல்லாம் கடித்தது. பின்னேரம் சைக்கிள் சத்தம் கேட்டது. கிளிநொச்சி ரவுணுக்குப் போன அப்பா நேரே கொட்டிலுக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்து கூம்பாகச் சுற்றிய ஒரு கடதாசிச் சரையை எடுத்துக் கூரையின் ஓலைக் கிடுகுக்குள் செருகிவிட்டு, செருமிக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க அக்கா வந்தாள். தேடவே இல்லை. நேரே கையை விட்டு எடுத்தாள்.

நான் வெளியே வந்தேன். அவள் பயப்படவில்லை. ஒரு கை நிறையக் கச்சான் எனக்குத் தந்தாள். இருவரும் மாட்டின் முன்னால் குந்தியிருந்து தின்றோம். அவள் மெல்லிக்கொண்டே, கன்னத்தில் பழுத்திருந்த ஒரு பருவை நகத்தால் கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அடுத்ததையும் கிள்ளினாள்.

"நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"நோகுது" என்றாள்.

மாமியிடம் நான் சொல்லவில்லை. அக்காவைப் பார்க்கச் சொன்னாரே ஒழிய அப்பாவைப் பார்க்கச் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து அப்பாமேல் எனக்குப் பெரிய சந்தேகம். கச்சான் கூடாது என்று சத்தம் போடுகிறவர், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து ஒளிக்கிறார். அவர் தனக்கென்று ஒளித்ததை அக்கா களவெடுக்கிறாள் என்றே முடிவு கட்டினேன். கச்சானுக்கும் பருவுக்கும் பெரிய தொடர்பில்லை, கிள்ளுவதுதான் கெடுக்கும் என்று, வெகுகாலம் கழித்து என் மகளைக் காட்டப்போன இடத்தில் ஒரு டொக்டர் சொன்னார். அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

கடைசியில் மாமி பொறுமை இழந்தார். "பருவோட எண்டாலும் பரவாயில்லை, வா" என்று அக்காவுக்குச் சேலை உடுத்தி, என்னையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் அக்கா யன்னல் பக்கம் இருந்து சிரித்த முகத்தோடு வந்தாள். கன்னங்கள் அவளுக்குத் துணை நின்றன. ஸ்டூடியோக்காரர் அவளை முக்காலியில் இருத்தி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். மாமி தயங்கித் தயங்கி, "தம்பி, உந்தப் பரு…" என்றார்.

"அதுக்கேன் யோசிக்கிறியள் அம்மா? நெகற்றிவ்வில பென்சிலால ஒரு தடவு தடவினால் சரி. படத்தில ஒரு பொட்டுக்கூட வராது."

அக்கா முக்காலியில் இருந்து அவரையே பார்த்தாள். அவர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. விளக்கு மின்னியது.

அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது என்று தகவல் வந்தது. அக்கா சோதனை எழுதவில்லை. தை மாதம் அறுவடை முடியும் முன்பே கொழும்புக்குப் போய் விமானம் ஏறினாள். அங்கே நன்றாகவே வாழ்கிறாள். அதற்குப் பிறகு போரில் எங்கள் ஊர் பட்டதையெல்லாம் பார்க்கும்போது, மாமி சொன்னதில் பிழை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

படத்தை ஸ்டூடியோவால் எடுத்துக்கொண்டு வந்த அன்று, எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தோம். பரு இல்லை, தழும்பு இல்லை, மூக்கின் அருகே இருந்த சின்ன மச்சம்கூட இல்லை. மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்தார். படம் கடைசியாக அப்பாவின் கைக்குப் போனது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, யாருடையதோ பிள்ளையைக் கண்டதுபோல், "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார்.

வடிவைப் புகழ்கிறார் என்று நினைத்து மாமி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். "எங்கட அக்காதான் அப்பா, வடிவாப் பாருங்கோ" என்று படத்தை அவருடைய கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். "ஓம், ஓம்" என்றார். ஆனால் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்று எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சும் முறை இல்லை.

சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாத அளவுக்கு அவருக்குப் பார்வை குறைந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. குசினிக்கு ஓடிப்போய், அப்பாவுக்குக் கெதியாக ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.