கொள்ளுத்தாத்தாவின் தகரப்பெட்டி

வருஷத்தின் நடுவில் பள்ளி மாறுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. புது வகுப்பில் பெஞ்சில் இடம் கிடைக்கும், பேச்சில் கிடைக்காது. பிளம்பரின் மகளுக்கு அதுதான் நேர்ந்தது. பெரியப்பா காலி செய்துவிட்டுப் போன பூர்வீக வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும், பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அம்மாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, இருட்டிய பிறகுதான் வருவாள். அப்பா ஊரார் வீட்டுக் குழாய் அடைப்பையெல்லாம் எடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் அவர் வாய் அடைத்துக்கொள்ளும்.

அவள் புதையல் தேட ஆரம்பித்தாள்.

கொள்ளுத்தாத்தா ஒரு தகரப்பெட்டி நிறையத் தங்கக் காசுகளை இந்த வீட்டில் எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் கண்ணை மூடிவிட்டாராம். நாலு உறவுக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. பெட்டி கிடைத்தால் பழைய ஊருக்கே திரும்பிவிடலாம், பழைய சிநேகிதிகளோடு சேர்ந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பள்ளி விட்டு வந்ததும் கரண்டிக் காம்பால் சுவர் சுவராகத் தட்டினாள். கூடத்துச் சுவர்கள் கல்லுளிமங்கனாக நின்றன. இரண்டாவது வாரம், படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் ஓரிடம் மட்டும் டொம்மென்றது. சனிக்கிழமை மதியம் அப்பாவின் உளியையும் சுத்தியலையும் எடுத்து அங்கே கொத்தினாள். கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் ஒரு மருந்து பாட்டில், பாட்டிலுக்குள் ஒரு துண்டுத்தாள்.

‘இங்கே தேடியாயிற்று. ஒன்றும் இல்லை’ என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. கீழே வேறொரு கை எழுதியிருந்தது: ‘அண்ணன் புளுகுவான் என்று நானும் பார்த்தேன். இல்லைதான்.’

அந்தச் சாய்ந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். அது அப்பாவுடையது.

வேலை சீக்கிரம் முடிந்து வந்த அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். தரையெல்லாம் காரை, மகள் கையில் அவருடைய உளி. தொலைந்தோம் என்று நினைத்தாள். திட்டுக்குப் பயமில்லை. உளியைப் பூட்டிவைத்துவிட்டால் நாளை முதல் மாலைப் பொழுதை எப்படி ஓட்டுவது என்றுதான் பயம்.

அப்பா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“இங்க நான் பதினாலு வயசுலயே பாத்துட்டேன். கீழ எழுதினது உங்க அத்தை. பரணும் அவ பாத்ததுதான். சமையக்கட்டுல உங்க பெரியப்பா தோண்டி உதை வாங்கினாரு.”

“மாடிப்படிக்கு அடியிலப்பா?”

“அங்க யாரும் பாக்கல.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “மொதல்ல இத பூசிடலாம், உங்கம்மா வர்றதுக்குள்ள.”

சிமெண்ட் குழைத்தபடியே, அத்தை பரணிலிருந்து தாத்தாவின் மடியில் விழுந்த கதையைச் சொன்னார். மூன்று மாதத்தில் பேசாததை அந்த ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தார்கள். நாலாவது தட்டிலேயே சுவர் டொம்மென்றது. அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அவளுக்குப் பகீரென்றது. கிடைத்துத் தொலைத்துவிட்டால்?

“இன்னிக்கே உடைக்க வேணாம்ப்பா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அப்பா டொம்மென்ற இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

“ஆமா, அது எங்க ஓடிப்போகப்போகுது,” என்று சுத்தியலைக் கீழே வைத்தார்.