எழுப்பிவிட்ட கை

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. நடந்ததை எழுந்து சொல்லி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முடிக்க வேண்டும். பெண்கள் ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. பிரசவமோ சாவோ, சாட்சி சொல்லாமல் யாரையும் விடமாட்டேன். அதில் எனக்குப் பெருமை.

எங்கள் குழுவில் இருந்த ரோசலினின் ஐந்து வயது மகள் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்தாள். அடுத்த ஞாயிறு ரோசலின் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"நல்லது நடந்தா மட்டுந்தான் ஸ்தோத்திரமா? எந்திரிச்சுச் சொல்லு புள்ள."

சொன்னாள். சொன்ன கையோடு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவளுக்கு விசுவாசம் போதாது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

மறுவருஷம் என் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் லாரி மோதி இறந்தான். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் என் முழங்கையை ஒரு கை பிடித்தது. ரோசலின்.

"எந்திரிங்கக்கா. சொல்லுங்க."

எழுந்தேன். "கர்த்தருக்கு" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிட்டேன். சபையே என்னைப் பார்த்தது. அவள் பிடியை விடவில்லை.

"மெதுவா சொல்லுங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

இப்போதும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு. சபையில், துக்கத்தோடு வந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். அதே வரிசையின் ஓரத்திலிருந்து ரோசலின் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.